நாய், பூனையின் வயதை மனித வயதாக மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாயோ பூனையோ வளரும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை: "மனிதக் கணக்கில் இதற்கு இப்போது என்ன வயது?" கேட்பவர் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார். எண்ணைச் சொல்லிவிடலாம். அந்த எண் எதைக் காட்டுகிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்பதையும் தெரிந்துகொண்டால்தான் அதனால் நம் விலங்குக்கு நன்மை உண்டு. இந்தக் கணக்கை ஒரு வேடிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நாம் கவனிப்பதற்குள் அவற்றின் காலம் ஓடிவிடுகிறது.

நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயதுக்குச் சமம் என்கிறார்களே, சரிதானா?

சரியில்லை. ஒரு வயது நாயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இனங்களில் அது ஏறக்குறைய முழு உயரத்தையும் எட்டியிருக்கும்; நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைத்திருக்கும்; குட்டி ஈனவும் முடியும். ஏழு வயதுக் குழந்தைக்கோ அப்போதுதான் பால் பற்கள் விழத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டையும் எப்படிச் சமமாக வைப்பது?

மறுமுனையிலும் இதே சிக்கல்தான். பதினைந்து வயது வரை வாழும் சிறிய நாய்கள் ஏராளம். ஏழால் பெருக்கினால் 105 வருகிறது. அந்த வயதை எட்டும் மனிதர்கள் மிக அரிது. நாய்கள் தொடக்கத்தில் மிக வேகமாக வளர்கின்றன, பிறகு நிதானமாக மூப்படைகின்றன. ஒரே எண்ணால் பெருக்கும் எந்தக் கணக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது.

அப்படியானால் ஏழு என்ற எண் எப்படி வந்தது?

மனிதருக்கு எழுபது, நாய்க்குப் பத்து என்று தோராயமாக வைத்துக்கொண்டு வகுத்ததில் கிடைத்த எண் என்றே தோன்றுகிறது. நினைவில் நிற்க எளிதாக இருந்ததால் நிலைத்துவிட்டது.

ஆயுளை ஒப்பிடும் ஆசை மிகப் பழையது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் 1268-ஆம் ஆண்டில் பதித்த கல்தளம் ஒன்றின் வாசகத்தில் ஓர் ஆயுள் கணக்கு இருக்கிறது. வேலியின் ஆயுள் மூன்று ஆண்டு, அதன் மூன்று மடங்காக நாய்க்கு ஒன்பது, குதிரைக்கு 27, மனிதனுக்கு 81. அப்படியே மும்மடங்காக ஏறிக்கொண்டே போய் உலகின் ஆயுளில் முடிகிறது. அந்தக் கணக்குப்படி நாயின் ஓராண்டு மனிதரின் ஒன்பது ஆண்டு. எண் வேறாக இருந்தாலும், ஒரே எண்ணால் பெருக்கும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது.

பூனைக்கு எப்படிக் கணக்கிடுவது?

பூனைக்குக் கணக்கு எளிது. முதல் ஆண்டு மனிதரின் 15 ஆண்டுகளுக்குச் சமம். இரண்டாம் ஆண்டில் இன்னும் 9 சேர்ந்து 24 ஆகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

1 வயது: 15
2 வயது: 24
3 வயது: 28
5 வயது: 36
7 வயது: 44
10 வயது: 56
12 வயது: 64
15 வயது: 76
18 வயது: 88
20 வயது: 96

பூனைகளுக்கு இந்த ஒரே பட்டியல் போதும். வளர்ந்த பூனைகளிடையே நாய்களில் உள்ளதைப் போன்ற பெரும் எடை வேறுபாடு கிடையாது. மெய்ன் கூன் போன்ற பெரிய இனங்கள் முழு வளர்ச்சி அடைய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், அவற்றுக்கு முதல் இரண்டு ஆண்டுகளின் எண்ணைச் சற்றுத் தளர்வாக எடுத்துக்கொள்ளலாம்.

நாய்க்கு?

நடுத்தர அளவுள்ள நாய்க்கு முதல் ஆண்டு 15, இரண்டாம் ஆண்டு 9, பிறகு ஆண்டுக்குச் சுமார் 5 என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாய் விஷயத்தில் எடையைக் கேட்காமல் வயதைச் சொல்லவே கூடாது. பரவலாகப் புழங்கும் அட்டவணை நாய்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: 9 கிலோ வரை சிறியவை, 23 கிலோ வரை நடுத்தரம், 45 கிலோ வரை பெரியவை, அதற்கு மேல் மிகப் பெரியவை.

ஐந்து வயது வரை முதல் மூன்று வகைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மனிதக் கணக்கில் சுமார் 36. மிகப் பெரிய நாய்க்கு மட்டும் அப்போதே 42 ஆகிவிடுகிறது. ஏழு வயதில் முறையே 44, 47, 50, 56. பத்து வயதில் 56, 60, 66, 78. ஒரே நாளில் பிறந்த, சிவாவா என்னும் மிகச் சிறிய இன நாயையும் கிரேட் டேன் என்னும் மிகப் பெரிய இன நாயையும் பத்தாம் வயதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், சிறியது ஓய்வுபெறும் வயதை நெருங்கும் மனிதரைப் போல இருக்கும்; மற்றது எண்பதைத் தொடும் முதியவர்.

கலப்பின நாயாக இருந்தால் குழம்ப வேண்டாம். வளர்ந்தபின் அதன் உடல்கட்டுக்கு இருக்க வேண்டிய எடையை வைத்து வகையைத் தேர்ந்தெடுங்கள். கொழுத்துப்போன நாயின் இன்றைய எடையை வைத்துப் பார்த்தால் தவறான வகையில் போய் விழும்.

யானையும் திமிங்கிலமும் நெடுநாள் வாழ்கின்றன. பெரிய நாய் மட்டும் ஏன் சீக்கிரம் சாகிறது?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விலங்கினங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் உடல் பெரிதாகப் பெரிதாக ஆயுள் கூடுகிறது. எலி இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்கிறது. யானை அறுபதைத் தாண்டுகிறது. நாய் என்ற ஒரே இனத்துக்குள் மட்டும் இந்த விதி தலைகீழாகிவிடுகிறது.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு 74 வகை நாய்களின் இறப்பு விவரங்களை அலசியது. உடல் எடையில் கூடுதலாக ஒவ்வொரு 2 கிலோவுக்கும் எதிர்பார்க்கும் ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது என்று அது கண்டது. பெரிய நாய்களுக்கு மூப்பு முன்கூட்டியே தொடங்கிவிடுவதில்லை. தொடங்கியபின் அதன் வேகம்தான் மிக அதிகம் என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு.

காரணம் வளர்ச்சியோடு பின்னிக் கிடக்கிறது. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய அரைக் கிலோ. ஒன்றரை ஆண்டில் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. சிறிய இனங்களின் உடல் சிறிதாக இருப்பதற்கு அதை உருவாக்கும் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் முக்கியக் காரணம் என்று 2007-இல் தெரியவந்தது. உயிரணுக்கள் இவ்வளவு வேகமாகப் பெருகும் உடலில் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. பெரிய நாய்களின் மூட்டுகளும் எலும்புகளும் சீக்கிரமே தேய்கின்றன. மனிதர்கள் தாங்கள் விரும்பிய உருவத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடல் அது. அதற்கான விலையை நாய் தன் ஆயுளில் கொடுக்கிறது. பெரிய இன நாயை வாங்க நினைப்பவர்கள் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மடக்கையை வைத்து ஒரு புதிய சூத்திரம் வந்திருக்கிறதாமே?

ஆம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ட்ரே ஐடெக்கர் குழுவினர் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. வயது ஏற ஏற டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் எனப்படும் வேதிக் குறிகள் ஒரு ஒழுங்கோடு மாறுகின்றன. மனிதரின் வயதை இந்தக் குறிகளை வைத்தே கணிக்கலாம் என்று ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் 2013-இல் காட்டியிருந்தார். ஐடெக்கர் குழு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களின் குறிகளை மனிதரின் குறிகளோடு ஒப்பிட்டது. கிடைத்த சூத்திரம் இது: நாயின் வயதுக்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln என்ற பொத்தான்) எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும்.

இதன்படி ஒரு வயது நாய் 31 வயது மனிதர். இரண்டு வயதில் 42. நான்கில் 53. எட்டில் 64. பன்னிரண்டில் 71. முதல் ஆண்டில் ஒரே தாவலாகத் தாவிவிட்டுப் பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறது. எட்டு வாரக் குட்டி சுமார் ஒன்பது மாதக் குழந்தைக்குச் சமம் என்று வருகிறது. இரண்டுக்குமே அது பால் பற்கள் முளைக்கும் காலம்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. ஆய்வில் இருந்தவை பெரும்பாலும் லாப்ரடார் நாய்கள். சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் இதே கோடு பொருந்தும் என்று சொல்ல ஆதாரமில்லை. அதோடு, சூத்திரம் அளப்பது டி.என்.ஏ.வின் வேதியியலை. இரண்டு வயது லாப்ரடார் பந்தை விரட்டி ஓடுவதைப் பார்த்தவர் எவரும் அதை 42 வயதுக்காரர் என்று சொல்லமாட்டார். மூப்பின் அடிப்படையை ஆராய்பவர்களுக்கு இது அருமையான கருவி. வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு எடையை வைத்துப் பார்க்கும் அட்டவணையே இன்றைக்கும் அதிகம் உதவும்.

குட்டிகளுக்கு மாதக் கணக்கில் பார்க்க முடியுமா?

பூனைக்குட்டிக்கு ஓரளவு முடியும். மூன்று மாதம் என்றால் நான்கு வயதுக் குழந்தை, நான்கு மாதம் என்றால் ஆறிலிருந்து எட்டு, ஆறு மாதம் என்றால் பத்து, ஒன்றரை வயது என்றால் இருபத்தொன்று.

இந்தப் பட்டியலில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆறு மாதப் பூனை பத்து வயதுச் சிறுமிக்குச் சமம் என்று படிப்பவர், அது இன்னும் குழந்தை என்று நினைத்துக்கொள்கிறார். பெண் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். ஐந்து மாதம் முடிவதற்குள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பதே வாரம். தானே வளர்ந்து முடிக்காத குட்டி, தன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே நாலைந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்து மெலிந்து கிடப்பது பார்க்கச் சகிக்காத காட்சி. இந்த ஒரு விஷயத்தில் மனித வயதை மறந்துவிட்டு மாதத்தை மட்டும் எண்ணுங்கள்.

தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயைத் திறந்து பாருங்கள். ஆறேழு மாதம் வரை பற்களை விடத் தெளிவான சான்று வேறில்லை.

பூனைக்குட்டியின் கண் ஏழிலிருந்து பத்து நாளில் திறக்கும். பல்லே இல்லாத ஈறு என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள். முன்னால் அரிசி நுனி போலச் சின்னச் சின்ன வெட்டுப்பற்கள் எட்டிப்பார்த்தால் மூன்று வாரத்தையொட்டி. ஊசி போன்ற கோரைப்பற்கள் மூன்று நான்கு வாரத்திலும், பின்பக்கப் பற்கள் நான்கிலிருந்து ஆறு வாரத்திலும் வரும். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் கண் நீலம்தான். ஆறேழு வாரத்தில் உண்மையான நிறத்துக்கு மாறத் தொடங்கும். மூன்றரை மாதத்துக்குப் பிறகு நடுவிலுள்ள வெட்டுப்பற்கள் விழுந்து அகலமான புதியவை முளைக்கும். ஆறு ஏழு மாதத்தில் முப்பது நிரந்தரப் பற்களும் வந்துவிடும். எடையும் உதவும்: நன்றாகச் சாப்பிடும் குட்டி முதல் சில மாதங்களில் மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் ஏறும். பட்டினி கிடந்த குட்டிக்கு எடையை நம்ப வேண்டாம், பல்லை நம்புங்கள்.

நாய்க்குட்டிக்குக் கண் திறக்கப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். பால் பற்கள் 28. எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். நிரந்தரப் பற்கள் 42. ஏழு மாதத்துக்குள் வந்து முடியும். நான்கு மாதக் குட்டி கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பது ஈறு ஊறும் வேதனையால். அதைத் திட்டாமல், கடிக்கத் தகுந்த பொம்மை ஒன்றைக் கொடுங்கள்.

வளர்ந்த நாய், பூனைக்கு வயதைக் கணிக்க முடியுமா?

துல்லியமாக முடியாது. பல்லில் படிந்த காறை, கண், தசை, ரோமம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் ஒரு தோராயம் சொல்வார். "மூன்றிலிருந்து ஐந்து" என்று அவர் சொன்னால் அதை மதியுங்கள். ஒரே எண்ணைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள்.

வாயோரத்து நரையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட 400 நாய்களைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், பதற்றம் மிகுந்த நாய்களுக்கு இளமையிலேயே முகம் நரைப்பது அதிகம் என்று தெரிந்தது.

என் நாய்க்கு எட்டு வயது. கண்மணியில் நீலச் சாயல் தெரிகிறது. பார்வை போகிறதா?

பெரும்பாலும் இல்லை. வயதாக ஆக விழிவில்லையின் நடுப்பகுதி இறுகி, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அதனால் சாம்பல் கலந்த நீலமாகத் தெரிகிறது. மனிதருக்கு நாற்பதைத் தாண்டியதும் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவதும் விழிவில்லை இறுகுவதால்தான். நாய் நன்றாகவே பார்க்கும். கண்புரை வேறு, அது வெள்ளையாகத் திரண்டு பார்வையை மறைக்கும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், எனவே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எந்த வயதிலிருந்து 'முதியது' என்று கொள்வது?

பூனைக்குப் பத்து வயதைத் தாண்டினால் முதுமை. ஏழிலிருந்து பத்து வரை முதிர்ந்த பருவம். நாய்க்குப் பொதுவான வயது இல்லை. அந்த இனத்தின் சராசரி ஆயுளில் கடைசிக் கால்பங்கு தொடங்கும்போது முதுமை தொடங்குகிறது. எட்டாண்டு வாழக்கூடிய நாய்க்கு ஆறு வயதில், பதினாறு வாழக்கூடிய நாய்க்குப் பன்னிரண்டில்.

என் பூனைக்குப் பதின்மூன்று வயது. வலி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது என்ன?

பூனை வலியைக் காட்டாது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் பன்னிரண்டு வயதைக் கடந்த நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது, தொண்ணூறில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அவற்றில் எத்தனை நொண்டியிருக்கும்? மிகச் சிலவே.

அது அலமாரி மேல் ஏறும் விதத்தைப் பாருங்கள். முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே தாவல். இப்போது நாற்காலி அருகே வந்து நிற்கிறது, மேலே பார்க்கிறது, முன்னங்கால்களை வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கிறது, பிறகு நாற்காலி, மேசை, அலமாரி என்று மூன்று தவணையாக ஏறுகிறது. இறங்கும்போது முன்னங்கால்களைச் சுவரில் வழுக்கவிட்டுக் கனமாக விழுகிறது. முதுகின் பின்பக்கம் நக்க முடியாமல் ரோமம் சிக்குப் பிடித்திருக்கிறது. மண்தட்டின் விளிம்பு உயரமாக இருப்பதால் வெளியே சிறுநீர் கழிக்கிறது. இவற்றை "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மூட்டு வலிக்கு மருந்து உண்டு. தாழ்ந்த விளிம்புள்ள தட்டும், ஏறிப்போக ஒரு சிறு முக்காலியும் போதும், அதன் நாள் மாறிவிடும். தண்ணீரை வழக்கத்தைவிட அதிகம் குடித்தால் சிறுநீரகத்தையும், நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மனிதருக்குத் தரும் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு.

ஆயுளைக் கூட்ட ஏதாவது வழி உண்டா?

எடையைக் கட்டுக்குள் வைப்பது. இதற்கு இருக்கும் சான்று மிக உறுதியானது. 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கண்காணித்தார்கள். அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலாவைத் தடவினால் எலும்புகள் கையில் எளிதாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் இதுவே அளவு.

மிக அதிக நாள் வாழ்ந்த பூனையும் நாயும் எவை?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து க்ரீம் பஃப் என்ற பூனை 1967 முதல் 2005 வரை 38 ஆண்டுகளும் 3 நாட்களும் வாழ்ந்தது. பூனைக்கான நம் கணக்கில் போட்டால் 168 வருகிறது. வரம்பைத் தாண்டிய வயதுகளுக்கு இந்தக் கணக்கு பயன்படாது என்பதற்கு இதுவே சாட்சி. நாய்களில் ஆஸ்திரேலியாவின் புளூயி 1910 முதல் 1939 வரை 29 ஆண்டுகளும் 5 மாதங்களும் வாழ்ந்தது. போர்ச்சுகலின் போபி 31 வயதுவரை வாழ்ந்ததாக 2023-இல் கின்னஸ் அங்கீகரித்தது. வயதுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2024-இல் அதை விலக்கிக்கொண்டது.

மருத்துவரிடம் எந்த வயதைச் சொல்ல வேண்டும்?

உண்மையான வயதை, அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து. "குட்டியாக எடுத்தபோது பால் பல் இருந்தது" என்ற ஒரு வரி பெரிய உதவி. மனித வயதை நீங்கள் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள், எப்போது போக வேண்டும் என்று முடிவெடுக்க. பத்து வயதுப் பூனையை ஆண்டுக்கு ஒருமுறை காட்டுவது, 56 வயதுக்காரர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பரிசோதனைக்குப் போவதற்குச் சமம். முதிய விலங்குக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம். போகும்போது முந்தைய எடைக் குறிப்புகளை எடுத்துச் செல்லுங்கள். நான்கு கிலோ பூனை நானூறு கிராம் இளைத்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கு எளிதில் தெரியாது. நடையிலோ தாவலிலோ மாற்றம் இருந்தால் வீட்டிலேயே காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை மேசையில் பயந்து பதுங்கியிருக்கும் பூனை எப்படி நடக்கிறது என்று மருத்துவரால் பார்க்க முடியாது.